தண்ணீரைப் பார்க்கவில்லை, சொன்னவளைப் பார்த்தார்கள்

1

எங்கள் சிற்றூருக்கென்று ஒரு முகநூல் குழு உண்டு. காணாமல் போன பூனை, விலைக்கு வந்த சோபா, எரியாத தெருவிளக்கு எல்லாம் அதில்தான் வரும். போன மாதம் ஒருவர் அதில் ஒரு கேள்வியைப் போட்டார். மலைப்பாதையில் நடக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து "மேலே போகாதீர்கள், ஆபத்து" என்று சொன்னால் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

ஊரே கூடிவிட்டது. கேட்கத்தான் வேண்டும் என்றார் ஒருவர். அனுபவமில்லாதவர்கள் பயத்தில் எதையாவது சொல்வார்கள், அதற்கெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தால் ஒரு மலையும் ஏற முடியாது என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு பெண்மணி எழுதினார்: "அது சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது." அதற்குத்தான் நிறைய விருப்பக்குறிகள்.

நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவு ஒட்டிய கையோடு கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று எனக்குத் தெரியும். அங்கே பெயர் சொல்லாமல் அலசப்பட்ட அந்த முன்பின் தெரியாதவள் நான்தான்.

ஆங்கிலத்தில் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவேன், அழிப்பேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் ஓடிவிடும். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

2

நான் மணிமங்கலத்துக்காரி. ஒரகடத்தில் ஒரு மின்பாகத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி, கணவருக்கு நியூசிலாந்தில் வெல்டிங் வேலை கிடைத்து, மகள் ஷைனி கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே வந்தோம். இப்போது ஷைனி பள்ளியின் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள். நான் ஊருக்கு வெளியே உள்ள பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன்.

வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய எதிரி. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் தெருவில் ஒரு மனித நடமாட்டம் இருக்காது. தொழிற்சாலையில் ஒருத்தி மலைப்பாதைக்கு அழைத்துப் போனாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஊருக்குப் பின்னாலேயே ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள் ஒரு பாதை, நடுவில் குறுக்கே ஓடும் ஓர் ஓடை, அதைத் தாண்டினால் ஓர் அருவி. மழையும் சளியும் இல்லாத ஒவ்வொரு ஞாயிறும் நான் அங்கேதான் இருப்பேன்.

என் தம்பி டேவிட் இன்னும் மணிமங்கலத்தில்தான் இருக்கிறான். ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் இடத்தில் ஷிஃப்ட் வேலை. இதைச் சொன்னபோது சிரித்தான்.

"வேலைக்கும் போவல, கடைக்கும் போவல, இன்னாத்துக்குக்கா சும்மா நடந்துகினு கீற?"

அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாதையில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. எதிரே வருகிற எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். மேலே மரம் விழுந்திருக்கிறது, பலகை வழுக்குகிறது, குளவிக்கூடு இருக்கிறது, வலது பக்கமாகப் போங்கள் என்பார்கள். யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை.

கொஞ்ச நாளில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. எனக்கு முன்னால் போகும் வெள்ளைக்காரத் தம்பதியிடம் "பலகை வழுக்குகிறது" என்று சொன்ன அதே மனிதர், என்னைப் பார்த்ததும் வேறு மாதிரி பேசுவார். தண்ணீர் கொண்டுவந்திருக்கிறீர்களா? இந்தக் காலணி போதுமா? இது கஷ்டமான பாதை, தெரியுமா? திரும்பிப் போக வழி தெரியும்தானே?

அவர்களுக்குப் பாதையைப் பற்றிய தகவல். எனக்கு என்னைப் பற்றிய தகவல்.

இது எனக்குப் புதிதல்ல. ஒரகடம் கூட்ரோட்டில் வண்டிக்காக நிற்கும்போது தினமும் யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "இன்னாம்மா, பொம்பளப் புள்ள தனியா நிக்கற? வூட்ல சொல்லிட்டு வந்தியா?" அந்தச் சாலையில் டிரெய்லர் லாரிகள் எப்படி வெட்டித் திரும்பும், எந்த இடத்தில் நின்றால் ஓட்டுநருக்குத் தெரியாது என்று அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அன்றிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. முன்பின் தெரியாதவர் பாதையைப் பற்றிச் சொன்னால் நில். உன்னைப் பற்றிச் சொன்னால் நடந்துகொண்டே இரு.

3

வடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் அவள் ஊர். எங்கள் தெருவில் வேறு மூன்று பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். என்னோடு ஒரே லைனில் வேலை. எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் இல்லை. "திருநெல்வேலிப் பொண்ணு" என்பார்கள். அவள் "சொல்லுதேன்" என்று பேசினால் கடைக்காரர்கூடத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஐப்பசியில் விடாமல் மழை. பெரிய சாலையில் வண்டிகள் நகரவில்லை என்று கம்பெனி வேன் ஓட்டுநர் ஊருக்குள் புகுந்து போனார். வழியில் ஒரு தரைப்பாலம். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. வேன் போகாது என்று நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் வேறு வண்டி வரும், இறங்கி நடந்து தாண்டிவிடுங்கள் என்றார்.

எங்கள் ஊர்ப் பையன்கள் பேண்ட்டை மடித்துவிட்டார்கள். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். வடிவு என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, எறங்காத. தண்ணி இழுக்கு. மேல பாக்க அமைதியாத்தான் இருக்கும். அடியில பாரு, ஒரு எலகூட நிக்க மாட்டேங்கு." பிறகு பையன்களிடம், "அண்ணே, கேளுங்க. இதுல எறங்கக்கூடாது" என்று கத்தினாள்.

எங்கள் தெருப் பையன் ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தான். "உங்க ஊரு ஆறு வேற, எங்க ஊரு ஏரி வேற. பொறந்ததுலேந்து பாத்துகினு கீறோம். நீ வந்து எத்தினி நாளாவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பாதியில் ஒருவன் தடுமாறினான். மற்றவர்கள் தூக்கிவிட்டார்கள். அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். நான் வடிவோடு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

ஆமாம், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கதை. அதன்பிறகு அந்த மழைக்காலம் முழுக்க வடிவுக்கு "வெள்ளம்" என்று பட்டப்பெயர். தெருக்குழாயில் தண்ணீர் வந்தாலும், "ஏ வெள்ளம், எறங்கலாமா?" என்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று ஆப்சென்ட். மறுநாள் சூப்பர்வைசர் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்.

"யாரோ சொன்னாங்கன்னு நின்னுட்டியாமே? நாளைக்கு எவனாவது வந்து கம்பெனி இல்லன்னு சொன்னா வூட்டுக்குப் போயிடுவியா?"

"யாரோ இல்ல சார். வடிவு சொன்னா" என்றேன்.

"அவ யாரு? இன்ஜினியரா?"

வடிவு தலைகுனியவில்லை. "தண்ணிய பாத்தேன், சொன்னேன். இன்னிக்கி பாத்தாலும் சொல்லுவேன் சார்" என்றாள். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினாள்.

எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் பிழைத்துக்கொண்டதால் அவள் சொன்னது தவறாகிவிடுமா? எச்சரிக்கை என்பது ஜோசியமா, பலித்ததா இல்லையா என்று பார்க்க? அன்று ஒருவனாவது அந்தத் தண்ணீரைக் குனிந்து பார்த்தானா? சொன்னவளைப் பார்த்தார்கள். தெற்கத்திப் பெண், வாடகை அறை, வேறு மாதிரிப் பேச்சு. முடிவு கட்டிவிட்டார்கள். இந்த நாட்டுக்காரர்கள் மேல் நான் கோபப்படும்போது இதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாடத்தை முதலில் நடத்தியது என் சொந்தத் தெருதான்.

4

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

முந்தைய இரவு மலைமேல் நல்ல மழை. ஊரில் தூறல்கூட இல்லை. காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஷைனி அதிசயமாகக் கூட வந்தாள். இந்த இரண்டு வருடமாக அவள் என்னோடு வெளியே வருவது குறைந்துவிட்டது. கடையில் நான் ஏதாவது கேட்டால் முந்திக்கொண்டு அவளே கேட்டுவிடுவாள். எனக்கு உதவி என்பாள். என் ஆங்கிலம் அவளுக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியாதா?

ஓடையைப் பார்த்ததுமே நின்றுவிட்டேன். வழக்கமாகக் கணுக்காலுக்குத் தண்ணீர் இருக்கும், அடியில் கூழாங்கற்கள் தெரியும். அன்று பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடியது. உள்ளே கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையோரம் ஒரு பாறை மூழ்கியது. "திரும்பிடலாம்" என்றேன். ஷைனி மறுப்புச் சொல்லவில்லை.

கீழே இறங்கும்போது எதிரே ஒரு தம்பதி வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். நல்ல காலணி, நல்ல பை. பெயர்கள் கிரெக், ஹெலன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. வணக்கம் சொன்னேன். சொல்லிவிட்டு, "தயவுசெய்து ஓடையைத் தாண்டாதீர்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது" என்றேன். அதுவரை சரியாகத்தான் வந்தது. பதற்றத்தில் அடுத்த வாக்கியம் அப்படியே தமிழிலிருந்து வந்துவிட்டது.

"வாட்டர் இஸ் புல்லிங்."

கிரெக் சிரித்தார். "எதை இழுக்கிறது?"

ஷைனி முகம் சிவந்து இடையில் புகுந்தாள். "நீரோட்டம் வேகமாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்கள்."

"நன்றி, கண்ணு" என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல, "இந்தப் பக்கம் நடப்பது இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டார். "நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். இதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம்."

ஆரோக்கியமே ஆங்கிலம் பேசி வந்ததுபோல இருந்தது. வருடக்கணக்காக நடக்கிறேன் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஹெலன் மட்டும் ஒரு கணம் நின்றார். என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். "வா" என்று கிரெக் கூப்பிட்டதும் போய்விட்டார்.

கொஞ்ச தூரம் இறங்கினோம். எனக்குக் கால் வரவில்லை. நின்றேன்.

"விடும்மா. அவங்க பெரியவங்க. நீ சொல்லிட்ட இல்ல?"

"சொன்னது காதுல ஏறலையே" என்று திரும்பி ஏறினேன். ஷைனி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

நாங்கள் போனபோது கிரெக் அக்கரையில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஹெலன் நடு ஓடையில். தொடைவரை தண்ணீர். ஓர் அடி எடுத்து வைத்தார், அடுத்த அடிக்குக் கால் கிடைக்கவில்லை. அப்படியே உட்காருவதுபோல் உள்ளே போனார். கத்தக்கூட இல்லை.

ஓடை வளையும் இடத்தில், எங்கள் கரைப் பக்கம், ஒரு மரம் விழுந்து கிடந்தது. தண்ணீர் அவரைக் கொண்டுபோய் அதன் கிளைகளில் செருகியது. நான் கரையில் குப்புறப் படுத்தேன். ஷைனி என் கால்களின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஹெலனுடைய பையின் வார் கையில் சிக்கியது. இழுத்தேன். வரவில்லை. தண்ணீர் ஒரு பக்கம் இழுத்தது, நான் ஒரு பக்கம் இழுத்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசியில் கரையேறினார். ஒரு கால், இருக்கக்கூடாத திசையில் இருந்தது.

அங்கே கைபேசிக்கு அலைவரிசை கிடையாது. ஷைனி வண்டி நிறுத்துமிடம்வரை ஓடிப்போய்த் தகவல் சொன்னாள். நான் என் மேற்சட்டையை ஹெலனுக்குப் போர்த்தி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கரையிலிருந்து கிரெக் ஏதோ கத்திக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

5

மீட்புக் குழு வந்தது. ஹெலனைத் தூக்குக்கட்டிலில் கொண்டுபோனார்கள். கிரெக்கை மறுபக்கத்திலிருந்து ஹெலிகாப்டரில் எடுத்துவந்து வண்டி நிறுத்துமிடத்தில் இறக்கினார்கள். நானும் ஷைனியும் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

ஒரு தன்னார்வலர் படிவத்தோடு வந்தார். என் பெயர் ரெஜினா என்றதும், என்னைக் கேட்காமலே, "சுற்றுலாப் பயணி" என்ற கட்டத்தில் டிக் அடித்தார். "நான் இங்கேதான் குடியிருக்கிறேன்" என்றேன். "ஓ, மன்னிக்கவும். எந்த விசா?" என்றார். ஈரத் துணியோடு நிற்கிறேன். அவர்கள் ஊர்ப் பெண்ணைத் தண்ணீரிலிருந்து இழுத்த கையில் சேறு இன்னும் காயவில்லை. எனக்கு எந்த விசாவாம்! நான் குடியுரிமை வாங்கியாயிற்று என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கேள்வி நியாயமாகிவிடும்.

பிறகு கிரெக்கிடம் கேட்டார். "ஓடை ஏறியிருப்பதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?"

கிரெக் என் பக்கம் பார்க்கவில்லை. "இல்லை. அறிவிப்புப் பலகைகூட இல்லை. இந்தப் பெண்மணி ஏதோ சொன்னார். ஆனால் தெளிவாக இல்லை."

நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலம் ஓடிவிட்டது. அப்போது பக்கத்தில் ஷைனியின் குரல் கேட்டது. அவள் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"தெளிவாகத்தான் சொன்னார்கள். தாண்டாதீர்கள், தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். நானும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். முதல் தடவையா என்று கேட்டீர்கள். என் அம்மா பேசியது உங்களுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கிண்டல் செய்தீர்கள்."

தன்னார்வலர் பேனாவைப் பார்த்தார். கிரெக் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதிர்ச்சியில் இருக்கிறார், பாவம்" என்றார் யாரோ. யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஷைனி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். "சாரிம்மா" என்றாள், எதற்கு என்று சொல்லாமல்.

அதன் பிறகுதான் குழுவில் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் கிரெக்கின் நண்பராம்.

6

டேவிட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு என்னைவிடக் கோபம்.

"உனுக்கு இன்னாத்துக்குக்கா இந்த வேல? சொன்ன, கேக்கல, வுட்டுட்டு வந்துகினே இருக்கணும். இங்க ஹைவேல நடுச்செவுத்த ஏறிக் குதிக்கறானுங்க, நான் கத்தறேன், ஒருத்தன் கேக்கறானா? அட்வைஸ் பண்றவன்தான் கெட்டவன்."

"இப்பவும் கத்தறியா?"

"கத்தாம இன்னா பண்றது? லாரி வருதே."

அவனுக்கு அதற்குமேல் விளக்கத் தெரியாது. எனக்கும் தேவைப்படவில்லை. கேட்கிறார்களா இல்லையா என்பது கேட்பவர் பாடு. பார்த்தவர் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது என்று எழுதிய அந்த அம்மாளுக்கும் இதுதான் பதில். ஒரு நிமிடம் குனிந்து தண்ணீரைப் பாருங்கள். அதற்கு அவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. பார்த்த பிறகும் இறங்கத் தோன்றினால் இறங்குங்கள். பார்க்காமலே சிரிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் ஹெலன். அக்குளில் ஊன்றுகோல்கள். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். கிரெக் வரவில்லை. அவருக்கு வேலையாம்.

உட்கார வைத்துத் தேநீர் போட்டேன். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார், கேட்டுக்கொண்டு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது" என்றார். "முதல் வார்த்தையிலேயே. ஓடைக்குப் போனதும் நான் நின்றேன். அந்தம்மா சொன்னது சரிதான், திரும்பலாம் என்று கிரெக்கிடம் சொன்னேன். அவர் அதற்குள் இறங்கிவிட்டார். அக்கரை போய்க் கையை நீட்டினார்."

"அதனால்?"

"அதனால் இறங்கினேன்." அவருக்குக் கண் நிறைந்தது. "இறங்காவிட்டால் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பார்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். ஆனால் அதைவிட முன்னால் கோபம்தான் வந்தது. அந்த மனிதர் என் பேச்சை மட்டுமா தட்டிவிட்டார்? இத்தனை வருடமாகக் கூட வாழ்கிறவர் பேச்சும் அவருக்குக் கற்கள் உருளும் சத்தத்தைவிடச் சின்னதாகத்தான் கேட்டிருக்கிறது. நான் முன்பின் தெரியாதவள், சரி. இவர் யாராம்?

ஷைனி அறை வாசலில் வந்து நின்றாள், நான் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க. இந்தத் தடவை ஆங்கிலம் எங்கேயும் ஓடவில்லை.

"ஹெலன்," என்றேன், "அடுத்த தடவை நீங்கள் நில்லுங்கள். அவர் கையை நீட்டிக்கொண்டே நிற்கட்டும்."